பாதி வருடத்தில் பள்ளி மாறும்போது: ஒரு விடுபட்ட பாடமும் சில ஆசிரியர்களும்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு நடுவில் பள்ளி மாறப் போகிறாள். "சித்தி, நீங்களும் ஒன்பதாவதுலதானே மாறினீங்க, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். போனில் கொஞ்சம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எழுதி வைத்தால் அவளைப் போல மாறுகிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் பயன்படும், ஆசிரியர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பள்ளி மாறுகிற பிள்ளையிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கவலைப்படாதே, சீக்கிரம் ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க. அது பெரும்பாலும் உண்மைதான், கிடைத்துவிடுவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கும் யாரும் சொல்லவில்லை. பாதியில் மாறுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு பாடம் நடத்தப்படாமலே போய்விடும். பழைய பள்ளியில் அதைக் கடைசியில் எடுக்கலாம் என்று வைத்திருப்பார்கள், புதிய பள்ளியில் அதை முதலிலேயே முடித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே கிடையாது.

ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகமாக இருந்தாலும் இது நடக்கும். எந்தப் பாடத்தை முன்னால் எடுப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதைப் பல இடங்களில் அந்தந்த ஆசிரியரோ பள்ளியோதான் முடிவு செய்கிறார்கள். எனக்கு அப்பாவின் வேலை மாற்றத்தால் முதல் பருவம் முடிந்த பிறகு மாற வேண்டி வந்தது. பழைய பள்ளியில் இயற்கணிதத்தை முழுதாக முடித்திருந்தோம், முக்கோணவியலைத் தொடவே இல்லை. புதிய பள்ளியில் நேர்மாறு. நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவைகள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, முக்கோணவியல் முடிந்து அதற்குத் தேர்வும் நடந்து முடிந்திருந்தது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே படித்த பாடம் மறுபடி நடக்கும்போது புதுப் பிள்ளை நன்றாகப் பதில் சொல்லும். கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னால் தயங்காமல் போடும். பார்க்கிறவர்களுக்கு "பரவாயில்லையே, செட் ஆயிட்டாளே" என்று தோன்றும், வீட்டிலும் நிம்மதியாகிவிடுவார்கள், பிள்ளையே கூட அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். விடுபட்டுப் போன பாடம் அந்தச் சமயத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதைத் தெரிந்திருந்தால்தான் புரியும் என்கிற அடுத்த பாடம் வரும்போதுதான், சில சமயம் ஒரு வருடம் கழித்துத்தான், வெளியே வரும். அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் "கணக்கு வராது" என்று பெயர் வைத்திருப்பார்கள்.

எனக்கு அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டது கணக்கு டீச்சர். சேர்ந்த முதல் வாரத்திலேயே, "பழைய கணக்கு நோட்டு வெச்சிருக்கியா? நாளைக்கு எடுத்துட்டு வா" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் அறையில் மேசை மேல் என் நோட்டையும் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தபடியே புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தில் பென்சிலால் குறித்தார். எனக்கு நடந்த பாடத்துக்கு ஒரு டிக். அவர் வகுப்பில் முடித்துவிட்ட பாடத்துக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. இரண்டும் இல்லாமல் மிச்சம் இருந்தவை இனிமேல் நடக்கப் போகிறவை. கோடு மட்டும் இருந்து டிக் இல்லாமல் ஒன்றே ஒன்று நின்றது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இதுதாம்மா போச்சு. இப்போ அவசரம் இல்ல, ஆனா அடுத்த வருஷம் இது இல்லாம நகரவே முடியாது, நாம பாத்துக்கலாம்" என்றார். அந்த "நாம" எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு சில மதிய இடைவேளைகளில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் மற்றவர்கள் 30, 45, 60 டிகிரிக்கான சைன், காஸ், டேன் மதிப்புகளை அட்டவணையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். என்னிடம் அட்டவணையைக் காட்டவே இல்லை. ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொன்னார், பக்கம் 2. உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு செங்குத்துக்கோடு. "இப்போ என்ன ஆச்சு?" என்றார். அடிப்பக்கம் 1, 1 என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கோணம் 60 கீழே அப்படியே இருக்கிறது, மேலே இருந்த 60 பாதியாகி 30 ஆகிவிட்டது. பித்தாகரஸ் தேற்றப்படி 4-இலிருந்து 1 போனால் 3, ஆக செங்குத்துக்கோட்டின் நீளம் √3. அவ்வளவுதான், எல்லாமே அந்தப் படத்தில் இருக்கிறது. சைன் 30 என்றால் 30-க்கு எதிரே இருக்கும் 1, கீழே கர்ணம் 2, பாதி. சைன் 60 என்றால் √3-ஐ 2-ஆல் வகுக்க வேண்டியதுதான். டேன் 60 வெறும் √3. 45-க்குப் பக்கம் 1 உள்ள சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் போதும், மூலைவிட்டம் √2.

அடுத்த வருடம் உயரங்களும் தொலைவுகளும் என்ற பாடம் வந்தது. ஒரு கோபுரத்தின் உச்சியை ஓரிடத்திலிருந்து பார்த்தால் ஏற்றக்கோணம் 30, கோபுரத்தை நோக்கி 20 மீட்டர் நடந்து வந்து பார்த்தால் 60, உயரம் என்ன என்கிற மாதிரிக் கணக்குகள். எனக்கு அட்டவணை ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்ற பிரச்சினையே வரவில்லை, நோட்டின் ஓரத்தில் அந்த அரை முக்கோணத்தை வரைந்துகொள்வேன், 10√3 மீட்டர் என்று விடை வந்துவிடும். மனப்பாடம் செய்திருந்தவர்கள் சிலர் சைன் எது, காஸ் எது என்று மாற்றிப் போட்டுத் தடுமாறினார்கள். விடுபட்ட பாடத்தைத் தனியாக, நிதானமாகப் படிக்கிறவருக்கு இப்படி ஒரு நல்லதும் நடக்கலாம்.

எல்லோருக்கும் இப்படி ஒரு டீச்சர் அமையமாட்டார், அதனால் அவர் செய்ததை நீங்களே செய்துகொள்ளுங்கள். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வீடு மாற்றும் அவசரத்தில் முதலில் வெளியே போவது அதுதான். புதிய பள்ளியில் சேர்ந்த உடனே ஒவ்வொரு புத்தகத்தின் பொருளடக்கத்தையும் எடுத்து, உங்களுக்கு நடந்தது எது, இங்கே நடந்து முடிந்தது எது என்று பக்கத்தில் உட்காருகிறவரைக் கேட்டுக் குறித்துவிடுங்கள். இது ஒரு மாலை வேலை. பிறகு ஆசிரியரிடம் போகும்போது "எனக்கு ஒண்ணுமே புரியல சார்" என்று போகாதீர்கள், அதைக் கேட்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. "இந்தப் பாடம் எனக்கு நடக்கவே இல்ல, அடுத்து வர்ற பாடத்துக்கு இதுல எது கண்டிப்பா வேணும்?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியராலும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிகிற கேள்வி இது, பாதிப் பேர் பதில் சொல்வதோடு நிற்காமல் உட்கார வைத்துச் சொல்லியும் கொடுப்பார்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி துரத்த வேண்டியதில்லை. வரலாற்றில் ஒரு பாடம் போனால் நீங்களே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கணக்கும் இயற்பியலும் அப்படியில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். வேதியியலில் தனிமங்களின் குறியீடுகளும் இணைதிறனும் நடந்தபோது நீங்கள் இல்லை என்றால், அதற்குப் பிறகு எந்தச் சமன்பாடும் உங்களுக்கு வெறும் எழுத்துக்கூட்டமாகத்தான் தெரியும். அதை முதலில் பிடியுங்கள். மொழிப் பாடத்தில் இலக்கணத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இங்கே எனக்குக் கோபம் வருகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பல பள்ளிகளில் முதலில் சொல்வது, "விட்டுப்போன நோட்ஸ் எல்லாத்தையும் எழுதி முடிச்சு கையெழுத்து வாங்கு." ஒரு பருவம் முழுக்க நடந்த எல்லாப் பாடத்துக்கும். பிள்ளை இரவு பகலாக யாரோ ஒருவருடைய நோட்டைப் பார்த்து எழுதும், கை வலிக்கும், மனதில் ஒரு வரி ஏறாது. எழுதி முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் "எல்லாம் கவர் பண்ணியாச்சு" என்ற நினைப்பு வந்துவிடும், அதுதான் இதில் மோசம். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். படித்தாலே இந்தக் கதி என்றால், யோசிக்காமல் பார்த்து எழுதுவதில் என்ன தங்கும்?

அதனால் நோட்டு வாங்குங்கள், ஆனால் அப்படியே பார்த்து எழுதுவதற்காக வாங்காதீர்கள். ஒரு பாடத்தைப் படியுங்கள், மூடுங்கள், ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள், எங்கே ஓட்டை இருக்கிறதோ அதைக் கேள்வியாக்கி ஆசிரியரிடம் கொண்டு போங்கள். யாரிடம் வாங்குவது என்பதிலும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. முதல் ரேங்க் எடுக்கிறவரின் நோட்டு பெரும்பாலும் சுருக்கமாக இருக்கும், அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதியிருக்கமாட்டார். ஆசிரியர் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதுகிற நடுத்தர மாணவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார், அவருடைய நோட்டுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு சமயத்தில் ஒரு பாட நோட்டு மட்டும் வாங்கி, மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைச் சரியாகச் செய்தால் நோட்டுக் கொடுத்தவரே உங்களுக்கு முதல் நண்பராகிவிடுவார்.

அந்த முதல் சில வாரங்கள் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாக நினைவில் நிற்கின்றன, பிறகு அதே பள்ளியில் கழித்த காலமெல்லாம் ஏன் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியமாக இருந்தது. இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். டேவிட் ரூபினும் அவரோடு சேர்ந்தவர்களும் 1986-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள்: நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக வந்து விழுகின்றன. இரண்டு வருடம் கழித்து டேவிட் பில்மர் என்ற உளவியலாளர் தன் குழுவினரோடு, கல்லூரி முடித்துப் பல ஆண்டுகள் ஆன பெண்களிடம் அவர்களுடைய முதல் ஆண்டைப் பற்றிக் கேட்டார். அவர்கள் சொன்ன நினைவுகள் வருடம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை, தொடக்க வாரங்களில்தான் குவிந்து கிடந்தன. எனக்கு அந்த வயதும் புது இடத்தின் ஆரம்பமும் ஒன்றாக வந்துவிட்டன. ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புதுப் பிள்ளையிடம் முதல் வாரங்களில் நீங்கள் சொல்கிற சாதாரண ஒரு வாக்கியம், நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பிள்ளையோடு இருக்கும்.

இயற்பியல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் மூன்று மூன்று பேராகக் குழு பிரித்து முதல் பருவத்திலேயே முடித்திருந்தார்கள். எண்ணிக்கை ஒத்துவராத ஒரு குழுவில் என்னைச் சேர்த்தார்கள். புதிதாகப் போனவர் ஆய்வகத்தில் என்ன செய்வார்? மற்றவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார், அவர்கள் எடுத்த அளவை எழுதிக்கொள்வார். நானும் அப்படித்தான் நின்றேன். வெர்னியர் அளவி வைத்து ஒரு உருளையின் விட்டம் அளக்கும் சோதனை. சார் எங்கள் மேசைக்கு வந்தார், யார் அளவெடுத்தது என்று பார்த்தார். "மூணு பேரும் தனித்தனியா எடுங்க. எடுத்ததைச் சொல்லிக்காதீங்க, எழுதி மடிச்சு வைங்க. அப்புறம் சேர்ந்து திறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வெர்னியர் அளவி தெரியாதவர்களுக்கு: முதன்மை அளவுகோலில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும், அதன் மேல் நகர்கிற சின்ன அளவுகோலில் 9 மில்லிமீட்டர் தூரத்தைப் பத்துப் பிரிவாகப் பிரித்திருப்பார்கள். அதனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கலாம், மீச்சிற்றளவு 0.01 சென்டிமீட்டர். முதன்மை அளவு 2.3 என்றும், சின்ன அளவுகோலில் ஆறாவது கோடு மேலே உள்ள கோட்டோடு ஒன்றியும் இருந்தால் 2.36 சென்டிமீட்டர். நாங்கள் மடித்து வைத்ததைத் திறந்தபோது இரண்டு பேர் 2.36 எழுதியிருந்தோம், ஒருத்தி 2.32. உடனே ஆரம்பித்தது சண்டை. "நீ சாய்ச்சுப் பாத்திருப்ப", "நீதான் கோடு மாத்திப் பாத்த" என்று. பார்த்தால் அவள்தான் சரி. அளப்பதற்கு முன்னால் தாடைகளை ஒன்றாக மூடிப் பார்த்திருக்கிறாள், பூஜ்யத்தோடு பூஜ்யம் சேரவில்லை, சின்ன அளவுகோலின் பூஜ்யம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்று நான்காவது கோடு ஒன்றியிருக்கிறது. சுழிப்பிழை 0.04, அதைக் கழித்திருக்கிறாள். மூன்று பேரும் மறுபடி மூடி, வெளிச்சத்தில் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தோம். அந்தக் கால் மணி நேரத்தில் நான் புதுசு என்பது எங்கள் மூன்று பேருக்குமே மறந்துவிட்டது.

சார் என்னை யாருக்கும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. "இவ புதுசு, நல்லா பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார், நான் எடுத்த அளவுக்கும் மற்ற இரண்டு அளவுகளுக்கும் ஒரே மதிப்பு இருக்கும்படி வைத்தார். புதுப் பிள்ளையை வகுப்பில் சேர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. முன்னால் நிற்க வைத்து "உன்னைப் பத்திச் சொல்லு" என்று கேட்கிற ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் நாற்பது முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் என்ன இருக்கும்? தயவுசெய்து முதல் நாளில் அதைச் செய்யாதீர்கள்.

பி.டி. சாரும் இதே மாதிரி ஒரு காரியம் செய்தார், அவர் யோசித்துச் செய்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. விளையாட்டில் இரண்டு கேப்டன்கள் முன்னால் நின்று ஆளுக்கொருவராகக் கூப்பிட்டு அணி பிரிப்பார்கள் இல்லையா, அதில் யாருக்கும் தெரியாத பிள்ளைதான் கடைசியாக நிற்கும். நான் வந்த வாரத்திலிருந்து அவர் அதை நிறுத்திவிட்டு, வரிசையில் நிற்க வைத்து ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று சொல்லச் சொன்னார். ஒன்றெல்லாம் ஒரு பக்கம், இரண்டெல்லாம் மறுபக்கம்.

வருகைப் பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவர் பெயர் அகர வரிசையில் வராது, கடைசியில் கையால் எழுதிச் சேர்த்திருப்பார்கள். எல்லோர் பெயரும் முடிந்து, பேச்சுச் சத்தம் ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெயர் வரும். எங்கள் வகுப்பாசிரியர் தமிழ் ஐயா சில நாள் கீழிருந்து மேலாக வாசிப்பார். முதல் பெயராக என் பெயர் கேட்கும், வகுப்பு அமைதியாக இருக்கும்போது. இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. புதிய உரைநடைப் பாடம் தொடங்கினால் யாரையாவது எழுப்பி ஒரு பத்தி வாய்விட்டு வாசிக்கச் சொல்வார், ஆரம்ப நாட்களில் அடிக்கடி என்னைத்தான் எழுப்பினார். அப்போது ஏன் என்று புரியவில்லை, இப்போது புரிகிறது. கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் போகலாம். வாசிப்பதற்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்து கண் முன்னால் இருக்கிறது. குரல் நடுங்காமல் நாலு வரி வாசித்துவிட்டு உட்கார்ந்தால், அடுத்த முறை கேள்விக்குக் கை தூக்குவது சுலபமாகிவிடும். ழகரம் எனக்கு அப்போது சரியாக வராது. ஐயா இடையில் நிறுத்தித் திருத்தவே மாட்டார், வாசித்து முடித்த பிறகு பொதுவாக எல்லோருக்கும் சொல்வது போல அந்தச் சொல்லை ஒருமுறை தான் சொல்லிக் காட்டிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவார்.

உயிரியல் மிஸ் கேள்வி கேட்டுவிட்டு உடனே யாரையும் எழுப்பமாட்டார். திரும்பிக் கரும்பலகையை மெதுவாக அழிப்பார். அழித்து முடித்து, கையைத் தட்டிவிட்டு, பிறகுதான் வகுப்பைப் பார்ப்பார். அதற்குள் யோசித்து முடித்திருப்போம். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் அல்லது அதற்கும் குறைவு என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பதில் சொல்கிறார்கள். புதுப் பிள்ளைக்கு இந்த மூன்று விநாடி இன்னும் முக்கியம். அது பதிலை மட்டும் யோசிப்பதில்லை, பழைய பள்ளியில் இதற்கு என்ன சொல் சொன்னார்கள், இங்கே என்ன சொல்கிறார்கள், எழுந்து சொன்னால் சிரிப்பார்களா என்பதையும் சேர்த்தே யோசிக்கிறது.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஒரு ஆசிரியர், யார் என்று சொல்லத் தேவையில்லை, எனக்கு எது தெரியாவிட்டாலும் "உங்க பழைய ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்பார். எனக்குப் பிடித்த ஆசிரியர்கள் அந்தப் பழைய பள்ளியில் இருந்தார்கள், அவர்களைச் சொன்னது போல எனக்கு வலிக்கும். கொஞ்ச நாளில் அவர் வகுப்பில் சந்தேகம் கேட்பதையே விட்டுவிட்டேன். இப்படி ஒருவர் உங்களுக்கும் அமைந்தால் அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அந்தப் பாடத்தையும் வெறுக்க வேண்டாம். கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு வகுப்பு முடிந்து அவர் வெளியே வரும்போது தனியாகக் கேட்டுப் பாருங்கள், கூட்டத்தில் கடுமையாகப் பேசுகிற சிலர் தனியாகக் கேட்டால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் அதே பாடத்தை வேறு பிரிவுக்கு எடுக்கும் ஆசிரியரிடம் போங்கள். பெற்றோர் பள்ளிக்குப் போய்ப் பேசுவதாக இருந்தால் "அவர் இப்படிப் பேசுறார்" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பாடம் பிள்ளைக்கு நடக்கவில்லை என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். அப்போது பேச்சு அந்தப் பாடத்தை எப்படி முடிப்பது என்பதில் வந்து நிற்கும்.

வீட்டில் அம்மா ஒரு கேள்விதான் கேட்பார், "இன்னைக்கு யார் பேரு புதுசா தெரிஞ்சுக்கிட்ட?" நண்பர்கள் கிடைத்தார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் அந்தக் கேள்வியைக் கேட்டால், கிடைக்கவில்லை என்று சொல்வதற்கே பிள்ளைக்குக் கூச்சமாகிவிடும், பொய் சொல்ல ஆரம்பிக்கும். பெயர் தெரிந்துகொள்வது அப்படியில்லை, யாரும் ஒரு நாளைக்கு ஒன்றாவது தெரிந்துகொண்டு வந்துவிடலாம். பக்கத்துப் பெஞ்சுக்காரி பெயர், மணி அடிக்கிற அண்ணன் பெயர், நூலகத்தில் கையெழுத்து வாங்குகிற அக்கா பெயர் என்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாதிப் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

கடைசியாக ஒன்று, முதல் தேர்வு விடைத்தாள் வரும்போது செய்ய வேண்டியது. மதிப்பெண் குறைந்திருக்கும், பெரும்பாலும் குறையும். பழைய பள்ளி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். தாளை வைத்துக்கொண்டு, போன மதிப்பெண்களை இரண்டாகப் பிரியுங்கள்: நடக்காத பாடத்தில் போனது எவ்வளவு, இங்கே உட்கார்ந்து கேட்ட பாடத்தில் போனது எவ்வளவு. முதல் வகை அதிகம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்று தாளே சொல்லிவிடுகிறது. இரண்டாம் வகை அதிகம் என்றால் பிள்ளைக்கு வகுப்பில் காது கேட்கும் இடம் கிடைத்திருக்கிறதா, கரும்பலகை தெரிகிறதா, ஆசிரியர் பேசும் வேகம் ஒத்துவருகிறதா என்று விசாரியுங்கள், புதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மிச்சம் இருக்கும் கடைசிப் பெஞ்சுதான் கிடைக்கும். எதுவாக இருந்தாலும் தாள் கொடுத்த அதே வாரத்தில் ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள், அடுத்த பாடம் தொடங்கிவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது.